இயல்பு மழை: 872 மி.மீ.

பூமாலை தம் வாழ்நாளில் மிகுதியாக எழுதிய எண் சுழியம்.

செட்டிகுளத்துக்குக் கிழக்கே ஐந்து கல் தொலைவில் உள்ள மானாவாரிச் சிற்றூர் வேப்பங்கரை. அதன் தென்முனையில், கைவிடப்பட்ட மோட்டார் அறை ஒன்றின் அருகே, கம்பிவேலிக்குள் ஒரு மழைமானி நிற்கிறது. நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அதைத் திறந்து, உள்ளிருக்கும் குடுவையில் எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்று அளந்து, பதிவேட்டில் எழுதி, டவுனில் உள்ள அலுவலகத்துக்குத் தெரிவிப்பது அவருக்கு இட்ட வேலை. ஆண்டில் முந்நூறு நாளுக்குக் குறையாமல் அந்தக் குடுவை வறண்டே கிடக்கும். வறண்டிருப்பது வாசலில் நின்று வானத்தைப் பார்த்தாலே தெரியும். ஆயினும் அவர் போவார், திறப்பார், குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், பிறகுதான் சுழியம் போடுவார்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. முன்பு அந்த வேலையைப் பார்த்தவர் அவர் கணவர் அங்கமுத்து. தொண்ணூறாம் ஆண்டு டிசம்பரில், பருத்தி ஏற்றிச் சென்ற டிராக்டர் கவிழ்ந்து அவர் இறந்தார். அன்றும் அடுத்த இரண்டு நாளும் மழைமானியை எவரும் திறக்கவில்லை. நான்காம் நாள் அலுவலகத்திலிருந்து ஓர் எழுத்தர் வந்து, துக்க வீட்டின் வாசலில் சங்கடத்தோடு நின்று, பதிவேட்டைக் கேட்டார். எட்டாம் வகுப்பு வரை படித்திருந்த பூமாலை அதை எடுத்து வந்து கொடுத்தார். அந்த மூன்று நாளுக்கும் எழுத்தர் வெறுங்கோடு இழுத்தார்.

“பெஞ்சுதே சார்,” என்றார் இருபத்துநான்கு வயதுப் பூமாலை. “பொணத்த எடுக்கறப்பகூட பெஞ்சுது.”

“இருக்கலாம்மா. ஆனா யாரும் அளக்கல. சைபர் போட்டா பாத்தேன், மழை இல்லன்னு அர்த்தம். கோடு போட்டா பாக்கவே இல்லன்னு அர்த்தம்.”

அன்றிலிருந்து பூமாலையே அளக்கத் தொடங்கினார். அவர் எழுதிய பதிவேடுகள் இப்போது பன்னிரண்டு ஆகிவிட்டன. அவற்றில் எங்கும் கோடு இல்லை. குழந்தையில்லாத அந்த வீட்டில், காய்ச்சலானாலும் திருவிழாவானாலும் எட்டரை மணிக்கு ஒரு கடமை காத்திருந்தது. அதற்குக் கிடைத்த தொகுப்பூதியம் பெரிதன்று. இரண்டு ஏக்கர் கரிசல் காடுதான் சோறு போட்டது. ஆனால் ஊரார் அவரை “மழைக்காரம்மா” என்று அழைத்தார்கள். மழை பெய்தால் மகிழ்ந்தும், பெய்யாவிட்டால் அவரே முடக்கி வைத்திருப்பதுபோல் முறைத்தும் அழைத்தார்கள்.

ஆண்டுதோறும் தை பிறக்கும் முன் பூமாலை செய்யும் வேலை இன்னொன்று. மோட்டார் அறையின் கிழக்குச் சுவரில் ஒரு பலகை அளவுக்குச் சுண்ணாம்பு அடிப்பார். காவிக்கட்டியைக் கரைத்து, வேப்பங்குச்சியின் நுனியை நசுக்கித் தூரிகையாக்கி, அதில் இரண்டு வரி எழுதுவார். முதல் வரி மாறாது: “இயல்பு மழை 872 மி.மீ.” இரண்டாம் வரியில் சென்ற ஆண்டு பெய்த மழை. முதல் வரியை அவர் தம் கணவரின் கையெழுத்திலிருந்து பார்த்து எழுதிப் பழகியிருந்தார். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டதில்லை. செட்டிகுளத்து மலை எங்கிருந்து வந்தது என்று யார் கேட்கிறார்கள்? அது அங்கே இருக்கிறது. மற்றவற்றின் உயர்வு தாழ்வு அதை வைத்துத் தெரிகிறது. அவ்வளவே.

சென்ற ஆண்டுப் பருவம் கெட்டது இப்படி. செப்டம்பரில் மூன்றே நாளில் இருநூற்றுப் பத்து மில்லிமீட்டர் கொட்டியது. ஊர் மொத்தமும் மக்காச்சோளமும் பருத்தியும் விதைத்தது. அக்டோபர் ஒன்பதாம் தேதி நல்ல மழை ஒன்று பெய்தது. அதன்பின் வானம் கதவைச் சாத்திக்கொண்டது. அறுபத்துமூன்று நாள். இடையே இரண்டு தூறல். இரண்டும் சேர்ந்து மூன்று மில்லிமீட்டர். சோளம் பூவெடுக்கும் நேரத்தில் இலை சுருண்டது. கதிர் பிடித்தும் மணி பிடிக்கவில்லை. உரித்துப் பார்த்தால் கிழவனின் வாய்போல் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பல். பருத்தி முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது.

பூமாலையின் அடுத்த வீடு, கணவரின் தங்கை சிந்தாமணியின் வீடு. கணவனைப் பிரிந்து அண்ணன் ஊருக்கே திரும்பி வந்தவள். நிலம் இல்லை. மூன்று கறவை மாடுகள் இருந்தன. அவற்றின் பாலில்தான் மகள் புஷ்பவல்லியைப் படிக்க வைத்து உடையார்பாளையத்தில் கட்டிக்கொடுத்தாள். மூன்றில் ஒன்று, மயிலை, அப்போது ஆறு மாதச் சினை. பச்சைச் சோளத்தட்டை கிடைக்காமல் போனதும், கிணற்றில் அடிச்சேறு தெரிந்ததும், ஊரில் மாடு வைத்திருந்த அத்தனை பேரும் ஒரே ஒரு செய்திக்குக் காத்திருந்தார்கள். வறட்சிப் பட்டியலில் ஊர் சேர்ந்தால் தீவனக் கிடங்கு திறப்பார்கள்; தண்ணீர் லாரி வரும். சேராவிட்டால் மாடுகளைத் தரகரிடம் தள்ளிவிட வேண்டியதுதான். ஆண்டு மழை இயல்பைவிட நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேல் குறைந்திருந்தால் பட்டியலில் இடம் உண்டு என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த நிலையில்தான், டிசம்பர் பதினொன்றாம் தேதி இரவு, எங்கோ கடலில் உருவான புயலின் வால் வேப்பங்கரைமேல் ஒரு வீச்சு வீசிவிட்டுப் போனது.

மறுநாள் காலை எட்டே கால் மணிக்குப் பூமாலை போனபோது வேலியைச் சுற்றி இருபது பேருக்குமேல் நின்றிருந்தார்கள். முன்னாள் ஊராட்சித் தலைவர் சாமிதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலிக் கதவருகே நின்றார். காலடியில் கரிசல் சேறு கன்றுக்குட்டிபோல் நக்கியது. சுற்றிலும் காய்ந்த சோளத்தட்டைகள் நனைந்து, செத்தவனைக் குளிப்பாட்டியதுபோல் பளபளத்தன.

“வா தங்கச்சி,” என்றார் சாமிதுரை. “கொஞ்சம் நில்லு. தொறக்கறதுக்கு மின்னாடி ஒரு வார்த்த.”

“மணி ஆகட்டும்ணே, தொறக்கறேன். நீங்க சொல்லுங்க.”

“இது மழையில்ல. கருமாதிக்கு வந்த கும்பல். பயிரு செத்து இருவது நாளாச்சு. இதப் போயி கணக்குல ஏத்திப்புடாத. பத்துன்னு எழுது. இல்ல, பாஞ்சுன்னு எழுது. உன் வாயில நான் பொய்ய வைக்கல. கொஞ்சம் கம்மியா வை, அவ்வளவுதான்.”

கூட்டத்தில் ஒருவன், “மழைக்காரம்மா கையில ஓட்ட இருந்தா ஒழுகிருச்சுன்னு சொல்லிக்கலாம்,” என்றான். சிரித்தார்கள்.

பூமாலை மணி பார்த்தார். எட்டரை. பூட்டைத் திறந்து, புனலை எடுத்து வைத்து, குடுவையைத் தூக்கினார். கனத்தது. அளவுக் கண்ணாடி ஒரு முறைக்கு இருபது மில்லிமீட்டர்தான் கொள்ளும். முதல் முறை ஊற்றி, கோட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, கீழே கொட்டினார். “ஒண்ணு,” என்றது கூட்டம். இரண்டாம் முறை. “ரெண்டு.” இது பத்துக்கும் பதினைந்துக்கும் அடங்காது என்று அப்போதே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மூன்றாம் முறை கண்ணாடி பதினெட்டில் நின்றது. குடுவையைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். எவரும் எண்ணவில்லை.

“அம்பத்தெட்டு,” என்றார் பூமாலை.

சிந்தாமணி வேலிக்கு வெளியே நனைந்த தரையைப் பார்த்தாள். “ஏன் அண்ணி, மொத்தமா ஒரு சொம்பு தண்ணி. இதுக்கா இத்தன பேரு வந்து நிக்கறோம்?”

“ஒரு சொம்பு இல்ல சிந்தாமணி. ஊரு பூரா அந்த ஒசரத்துக்கு.”

“தங்கச்சி,” என்றார் சாமிதுரை. குரலில் இப்போது விளையாட்டு இல்லை. “வானம் பெஞ்சத நீ எழுதற. காடு காஞ்சத யாரு எழுதறது?”

பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை. ஆனால் பூமாலையிடம் வேறொரு விடை இருந்தது. அவர் சாமிதுரையை மோட்டார் அறைச் சுவருக்கு அழைத்துப் போனார். நேற்று வரை ஐந்நூற்று நாற்பத்தைந்து. இன்று ஐம்பத்தெட்டு. ஆக அறுநூற்று மூன்று. சுவரில் இயல்பு எண்ணூற்று எழுபத்திரண்டு. குறைவு இருநூற்று அறுபத்தொன்பது. ஈரத் தரையில் குச்சியால் வகுத்துக் காட்டினார்.

“நூத்துக்கு முப்பதுக்கு மேல கொறையுதுண்ணே. இருவத்தஞ்சு தாண்டுனா போதும். இன்னும் நாப்பது பெஞ்சாலும் நாம பட்டியல்ல இருக்கோம். உள்ளதையே எழுதலாம். எதுக்குப் பொய்யி?”

சாமிதுரை கணக்கை இரண்டு முறை பார்த்தார். “அப்ப நிச்சயம்?”

“நிச்சயம்.”

அந்தச் சொல்லைப் பூமாலை அவ்வளவு எளிதாகச் சொல்பவர் அல்லர். அதனால்தான் ஊர் நம்பியது. அறுபத்தொரு சுழியங்களுக்கும் இரண்டு தூறல்களுக்கும் கீழே, பன்னிரண்டாம் தேதிக்கு நேரே, தெளிவான கையெழுத்தில் 58.0 என்று அவர் எழுதினார். அந்த ஆண்டில் அதற்குப்பின் துளி விழவில்லை.

ஜனவரியில் வழக்கம்போல் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, இயல்பு 872 என்றும் சென்ற ஆண்டு 603 என்றும் எழுதினார். அதே வாரத்தில் தரகர் அறிவரசன் சிந்தாமணியின் கொட்டகைக்கு வந்தார். மாடுகளின் முதுகெலும்பைத் தடவிப் பார்த்து, “இப்பக் குடுத்தா பாலு மாடா போவும். மாசி பொறந்துட்டா எலும்புதான் மிஞ்சும், வேற எடத்துக்குத்தான் போவும்,” என்றார்.

“எங்க அண்ணி கணக்குப் பாத்து சொல்லியிருக்கு. பட்டியலு வரப்போவுது. போயிட்டு வாங்க,” என்றாள் சிந்தாமணி.

அவர் போனதும், தாலியில் கிடந்த இரண்டு தங்கக் குண்டை விற்றுத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வண்டி வைக்கோல் இறக்கினாள். அது மாசி நடு வரை வரும் என்று கணக்கு. பூமாலைதான் அந்தக் கணக்கையும் போட்டுக் கொடுத்தார்.

மாசி ஏழாம் நாள் பட்டியல் வந்தது. சாமிதுரை அதைத் தம் கைப்பேசியில் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பக்கத்து ஊர்கள் இரண்டு இருந்தன. வேப்பங்கரை இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு பூமாலையின் வீட்டுக்கு வந்து, கைப்பேசியை அவர் முன் நீட்டினார்.

“எங்க தங்கச்சி உன் நிச்சயம்?”

மறுநாள் காலை, சுழியம் எழுதி முடித்தபின், பூமாலை பன்னிரண்டு பதிவேடுகளையும் ஒரு பையில் அடுக்கிக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறினார். எங்கோ கூட்டல் பிழை நேர்ந்திருக்கிறது என்று அவர் உறுதியாக நம்பினார். பிழையைக் காட்டினால் திருத்துவார்கள். வழிநெடுகப் பையை மடியிலேயே வைத்திருந்தார்.

அலுவலகத்தில் மழைக் கணக்கைப் பார்ப்பவள் மேகலா. முப்பது வயது இருக்கும். நாள்தோறும் எட்டரை மணிக்குப் பூமாலையின் செய்தியைப் பெறுபவள் அவளே. ஆனால் இருவரும் நேரில் சந்தித்தது அதுவே முதல் முறை.

“வேப்பங்கரையா? நீங்கதானாம்மா அது!” என்று எழுந்தாள். “எங்க டேட்டாவுலயே ஒரு நாள்கூட விடாத ஸ்டேஷன் உங்களோடதுதான். உக்காருங்கம்மா. டீ சொல்லட்டுமா?”

“டீ இருக்கட்டும்மா. கூட்டல்ல ஏதோ தப்பு நடந்திருக்கு. பாத்து சொல்லுங்க.”

மேகலா கணினியில் தேடினாள். “அறுநூத்து மூணு. நீங்க அனுப்புனதுதானே?”

“ஆமா.”

“நார்மல் எழுநூத்து அறுவத்துநாலு. கொறைவு இருவத்தொரு பர்சென்ட். இருவத்தஞ்சு தாண்டலம்மா. கூட்டல் சரியாத்தான் இருக்கு.”

“எழுநூத்து அறுவத்துநாலா? எண்ணூத்து எழுவத்தி ரெண்டும்மா. எங்க சொவத்துல எழுதியிருக்கு. எங்க வூட்டுக்காரரு காலத்துலேர்ந்து அதான்.”

மேகலா நாற்காலியை அருகே இழுத்துப்போட்டுக்கொண்டு விளக்கினாள். இயல்பு என்பது மலைபோல் நிற்கும் எண் அன்று. அது முப்பது ஆண்டு மழையின் சராசரி. சுவரில் இருந்தது மிகப் பழைய முப்பது ஆண்டுகளின் சராசரி. காலம் மாறும்போது சராசரியையும் புதுப்பிக்கிறார்கள். இந்த ஆண்டு முதல், தொண்ணூற்றொன்று தொடங்கி இரண்டாயிரத்து இருபது வரையிலான முப்பது ஆண்டுகளை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தந்த ஊர் மழைமானியின் எண்களை வைத்தே அந்தந்த ஊருக்கு இயல்பு.

“தொண்ணூத்தொண்ணுலேர்ந்தா?” என்றார் பூமாலை.

“ஆமாம்மா. நல்லா பாத்தா…” மேகலா தயங்கினாள். “அது முழுக்க நீங்க எழுதுனதுதான்.”

திரையில் ஒரு படம் வந்தது. முப்பத்துநான்கு ஆண்டுகள், முப்பத்துநான்கு குச்சிகள். ஒன்று உயரம், ஒன்று குள்ளம்; ஆனால் அவற்றின் ஊடே கிழித்திருந்த சாய்ந்த கோடு, இடமிருந்து வலமாக, படி இறங்குவதுபோல் இறங்கியது. மழைநாள்களும் குறைந்திருந்தன. தொடக்கத்தில் ஆண்டுக்கு நாற்பத்தாறு, இப்போது முப்பத்துமூன்று. பெய்யும்போது கொட்டுகிறது, இல்லாதபோது மாதக்கணக்கில் இல்லை. பூமாலை அந்த ஆண்டுகளை ஒவ்வொரு நாளாக வாழ்ந்திருந்தார். ஒவ்வொரு நாளும் தனித்தனியே நின்றது. இப்படி ஒரே சரிவாக அவர் பார்த்ததில்லை.

“இது வறட்சிதானம்மா?” என்று கேட்டார்.

“வறட்சிதாம்மா. நீண்ட கால வறட்சின்னு ஆராய்ச்சி பண்றவங்க எழுதுவாங்க. உங்க ரெக்கார்டு இல்லன்னா அதச் சொல்லவே முடியாது. ஆனா பட்டியல் அந்தந்த வருஷத்துக்குத்தான். முப்பது வருஷமா கொறைஞ்சுகிட்டே வந்தா…”

“கொறைஞ்சதே இயல்பாயிரும்.”

“ஆமாம்மா.”

“இன்னும் முப்பது வருஷம் இதுக்கு மேல காஞ்சா?”

“அப்ப நார்மல் இன்னும் எறங்கும்.”

“அப்பவும் நாங்க பட்டியல்ல வர மாட்டோம்.”

மேகலா மேசையில் இருந்த பதிவேட்டின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பூமாலைக்கு இன்னும் ஒன்று தெரிய வேண்டியிருந்தது. கேட்காமல் திரும்பியிருந்தால் ஒருவேளை நிம்மதி மிஞ்சியிருக்கும். ஆனால் அவர் கோடு இழுக்கத் தெரியாதவர். “புதுக் கணக்குப்படி எவ்வளவுக்குக் கீழ இருந்திருந்தா சேத்திருப்பீங்க?”

“ஐந்நூத்து எழுவத்துமூணு.”

அறுநூற்று மூன்றிலிருந்து அவர் மனத்துக்குள் கழித்தார். முப்பது. முப்பத்தொன்று குறைத்து எழுதியிருந்தால் போதும். பன்னிரண்டாம் தேதிக்கு நேரே ஐம்பத்தெட்டுக்குப் பதில் இருபத்தேழு. சாமிதுரை பதினைந்து என்று எழுதச் சொன்னார். எழுதியிருந்தால் ஊர் பிழைத்திருக்கும். பொய் என்று அவர் நினைத்த எண் ஊரின் உண்மையைச் சொல்லியிருக்கும். அவர் எழுதிய மெய்யான எண் பொய்யைச் சொல்லிவிட்டது.

“அம்மா, ஒரு வேலை,” என்றாள் மேகலா, விடைபெறும்போது, தரையைப் பார்த்தபடி. “ஸ்டேஷன் போர்டுல எல்லாம் புது நார்மலை எழுதி, போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்காங்க. இந்த மாசத்துக்குள்ள. அவசரமில்ல. முடியறப்ப செய்யுங்க.”

பூமாலை ஊர் திரும்பியபோது பிற்பகல் மூன்று மணி. வெயிலில் நிழல்கூட வெந்துகொண்டிருந்தது. சிந்தாமணி கொட்டகையில் மயிலையின் முன் குந்தியிருந்தாள். வைக்கோல் போரில் தரை தெரிந்தது.

“என்ன அண்ணி சொன்னாங்க? தப்பு அவங்களுதுதானே?”

பூமாலை பையை இறக்கி வைத்துவிட்டு, நடந்ததை நடந்தபடியே சொன்னார். முப்பது ஆண்டு, சராசரி, எழுநூற்று அறுபத்துநான்கு, முப்பத்தொன்று. எதையும் மறைக்கவில்லை. தம் “நிச்சயம்” எந்த இடத்தில் தவறியது என்பதையும், அதைச் சரிபார்க்காமல் ஒரு சுவரை நம்பியதையும் சொன்னார்.

சிந்தாமணி நெடுநேரம் மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

“முப்பத்தொண்ணுன்னா எவ்வளவு தண்ணி அண்ணி? அந்தக் குடுவையில?”

“அரச் சொம்புக்குக் கொஞ்சம் மேல.”

“அரச் சொம்பு.” அவள் சிரித்தாள். “அரச் சொம்புத் தண்ணியில என் மூணு மாடும் முங்கிப்போச்சு.”

“சிந்தாமணி…”

“உன்னயத் திட்டல அண்ணி. திட்டறதுக்குத் தெம்பு இல்ல. எங்க அண்ணன் செத்தப்ப பெஞ்ச மழைய யாரும் அளக்கலன்னு நீ எத்தன நாள் பொலம்பியிருக்க. அதையும் அளந்திருந்தா இன்னும் ஒரு மாடு போயிருக்குமோ என்னமோ.”

தரகர் அறிவரசன் மூன்றாம் நாள் காலை சிறு லாரியோடு வந்தார். அவர் சொன்னது பலித்துவிட்டது. கறவை மாட்டுக்குரிய விலை இல்லை, போகும் இடமும் வேறு. சினைமாட்டையாவது வைத்துக்கொள்ளலாமே என்று பூமாலை கெஞ்சினார். தம் காட்டில் காய்ந்து நின்ற தட்டையை அறுத்துத் தருவதாகச் சொன்னார். டிசம்பர் மழையில் நனைந்து பூஞ்சை பூத்த தட்டை அது. மயிலை ஏற்கெனவே ஒருமுறை தின்று, இரண்டு நாள் வயிறு உப்பிக் கிடந்தது. சிந்தாமணி மறுத்துத் தலையசைத்தாள். மாடுகள் பலகையில் ஏறும்போது நேரம் எட்டு இருபத்தைந்து.

“அண்ணி, உன் மணி ஆவுது,” என்றாள் சிந்தாமணி. குத்தலாகச் சொன்னாளா, பழக்கத்தில் சொன்னாளா என்று தெரியவில்லை.

பூமாலை போனார். முப்பத்துநான்கு ஆண்டில் முதல்முறையாக, வேலிக் கதவைத் திறந்த பின்பும் அவர் கை பூட்டுக்குப் போகவில்லை. கோடு இழுத்துவிட்டால் என்ன? பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஒரு நாள் கோடு; பிறகு நாள்தோறும் கோடு. வேப்பங்கரை என்ற ஊரே கணக்கிலிருந்து மறைந்துபோகும். இல்லையேல் சாமிதுரை சொல்வதுபோல் இனிக் குறைத்தே எழுதலாம். அவர் நேற்றுகூட வந்து அதைத்தான் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் பூமாலை இப்போது சராசரியை அறிந்தவர். குறைத்து எழுதினால் இந்த ஆண்டு பிழைக்கலாம். அந்தக் குறைவே பின்னால் வருபவர்களின் இயல்பாகும். மெய்யை எழுதினாலும் அதே கதிதான், கொஞ்சம் மெதுவாக. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். எட்டரைக்கு அவர் பூட்டைத் திறந்தார். குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சாலையில் லாரி திரும்பும் ஓசை கேட்டது. ஒரு மாடு கத்தியது. மயிலையின் குரல்போல் இருந்தது. சுழியம் எழுதினார்.

அந்த வார இறுதியில் சிந்தாமணி வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். உடையார்பாளையத்தில் மகள் வீட்டருகே முந்திரி உடைக்க ஆள் எடுக்கிறார்களாம்.

“கையெல்லாம் முந்திரிப் பாலு பட்டு கறுத்துப் போவுமாம். பரவால்ல, இதுவும் பாலுதான்,” என்றாள். “மழ வந்தா சொல்லு அண்ணி. உனக்குத்தான் மொதல்ல தெரியும்.”

பஸ் புழுதிக்குள் மறையும்வரை பூமாலை நின்றார். பிறகு வீட்டுக்குப் போய்ச் சுண்ணாம்பு வாளியை எடுத்து, கரைத்து, மோட்டார் அறைக்கு வந்தார்.

சுவரில் ஜனவரியில் எழுதிய இரண்டு வரி வெயிலில் சிவந்து நின்றது. முதல் வரியின்மேல் மட்டையால் ஓர் இழுப்பு இழுத்தார். ஈரச் சுண்ணாம்புக்கு நிறம் கிடையாது. எண்ணூற்று எழுபத்திரண்டு அதன் ஊடே முன்னிலும் பளிச்சென்று தெரிந்தது, தண்ணீருக்குள் கிடக்கும் காசுபோல. இரண்டாம் இழுப்பு. அப்போதும் தெரிந்தது. அவர் மட்டையைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். அந்த வெயிலில் காய அதிக நேரம் ஆகாது என்று அவருக்குத் தெரியும்.

ஓரங்களிலிருந்து வெளுக்கத் தொடங்கியது. முதலில் எட்டு போனது. பிறகு இரண்டு. நடுவில் இருந்த ஏழு கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் வெள்ளைக்குள் அமிழ்ந்தது.

அவர் காவியைக் கரைத்தார். குச்சியின் நுனியைப் பல்லால் நசுக்கினார். முதல் எழுத்துக் கோணியது. துடைத்துவிட்டு நேராக எழுதினார். “இயல்பு மழை 764 மி.மீ.” அதன் கீழே இரண்டாம் வரி, சென்ற ஆண்டு 603, அப்படியே இருந்தது. இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்கிற எவரும், பரவாயில்லை, அவ்வளவு மோசமில்லை என்றே நினைப்பார்கள்.

போட்டோ எடுத்து மேகலாவுக்கு அனுப்பினார்.